எழும்ப எத்தனை செக்கன்?

வேலை நாய் நோவைச் சொல்லாது. வீட்டு நாய்க்குக் காலில் முள்ளு ஏறினால் மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்து நீட்டும். மிதிவெடி தேடித் திரிந்த நாய்க்கோ பொலிஸ் நாய்க்கோ இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தாலும், பந்தைக் கண்டால் பாயும். குட்டியாக இருக்கும்போதே அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் அதைத் தெரிந்தெடுத்தார்கள். ஆகவே, ஓய்வுபெற்ற நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் சொல்லும் “நல்லாத்தானே ஓடித் திரியுது” என்ற பேச்சை நம்பவே கூடாது. ஓடுவதைப் பார்க்காதீர்கள். விடியக்காலையில், பந்து, சாப்பாடு, உங்கள் குரல் ஒன்றுமில்லாத நேரத்தில் அது படுக்கையிலிருந்து எழும்புவதைப் பாருங்கள்.

முன்னங்காலை ஊன்றியதிலிருந்து நாலு காலும் நேராகும்வரை எத்தனை செக்கன் என்று எண்ணி, சுவர்க் கலண்டரில் அன்றைய திகதிக் கட்டத்துக்குள் எழுதிவையுங்கள். வந்த முதல் 2 கிழமையின் சராசரிதான் அந்த நாயின் கணக்கு. வேறு நாயோடு ஒப்பிட வேண்டாம். 2 செக்கனில் எழும்பினது 4 ஆகிவிட்டால், நொண்டல் இல்லாவிட்டாலும் மிருக வைத்தியரிடம் போக அது போதுமான காரணம். இதோடு இன்னும் மூன்று கணக்கு. மாதத்துக்கு ஒருமுறை எடை: நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் சரி. தையல் நாடாவால் இரண்டு பின்தொடையின் சுற்றளவு. நோகும் காலில் பாரத்தைக் குறைப்பதால் அந்தப் பக்கத் தசைதான் முதலில் வற்றும். மூன்றாவது, ஆழ்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பது. 30க்குக் கீழே இருக்கவேண்டும். சில நாட்களாக அதற்கு மேல் நின்றால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்கவேண்டும்.

முகமாலை, கிளாலிப் பக்கங்களைத் தெரிந்தவர்களுக்கு மிதிவெடி அகற்றும் வேலை எவ்வளவு மெதுவானது என்று சொல்லத் தேவையில்லை. அந்த வேலையில் நாயின் பங்கு மூக்கு மட்டும். நீளக் கயிற்றில், வெயில் ஏறுமுன், நேர்கோட்டில் மணந்துகொண்டு போகும். வெடிமருந்தின் மணம் பிடிபட்டால் தோண்டாமல், குரைக்காமல் அப்படியே குந்தும். கூலி ஒரு பந்து. அல்சேஷன், பெல்ஜியன் மலின்வா, லப்ரடோர் இனங்கள்தான் கூடுதலாக இந்த வேலைக்கு. 8, 9 வயதில் ஓய்வு. அதற்குப் பிறகு கிடைப்பது மூன்று, நாலு வருடம். நல்ல பராமரிப்பென்றால் கொஞ்சம் கூடவும் கிடைக்கும்.

பொறுப்பெடுக்கும் அன்றே கேட்டு வாங்கவேண்டியவை: தடுப்பூசி அட்டை, கடைசி 2 வருட எடைப் பதிவு, பட்ட காயங்கள், உண்ணிக் காய்ச்சல் வந்ததா, எந்த மருந்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை, என்ன சாப்பாடு எத்தனை கிராம். இவற்றைவிட முக்கியமானது, கையாண்டவர் பாவித்த கட்டளைச் சொற்களின் பட்டியல். நாய் எங்கே பயிற்சி பெற்றதோ அந்த ஊர்ச் சொல்தான் அதற்குத் தெரியும். ஒவ்வொரு சொல்லையும் அவர் எந்தத் தொனியில், எந்தக் கையசைவோடு சொல்வார் என்று போனில் வீடியோ எடுத்துவையுங்கள். பின்னாளில் காது கேளாமல் போகும்போது அந்தக் கையசைவுதான் மிச்சமிருக்கும்.

ஓய்வென்றால் வேலையை ஒரேயடியாக நிறுத்துவது என்று நினைப்பதுதான் முதல் பிழை. 7 வருடம் தினம் காலையில் தேடப்போன நாயைச் சங்கிலியில் கட்டிவைத்து மூன்று நேரம் சோறு போட்டால், ஒரு மாதத்துக்குள் கம்பியைக் கடிக்கும், வாலைத் துரத்தும், தன் முன்னங்காலைப் புண்ணாகும்வரை நக்கும். பலர் அதைக் குழப்படி என்று நினைத்து அடிக்கிறார்கள். வேலையின் நேரத்தை மட்டும் கிழமைக்குக் கிழமை குறையுங்கள். காலையில் தேடும் பழக்கம் கடைசிவரை இருக்கட்டும்.

அதற்குத் தோதான விளையாட்டு ஒன்று. ஒரே மாதிரியான 6 பால்மாப் பேணி எடுத்து, மூடியில் ஆணியால் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். 2 சென்ரிமீற்றர் சதுரப் பருத்தித் துணியில் கராம்பு எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டு, ஒரு பேணிக்குள் போட்டு இறுக்கி மூடுங்கள். அந்தத் துணியைக் கையால் தொடக்கூடாது, இடுக்கியால் பிடியுங்கள். உங்கள் கைமணம் ஏறினால் நாய் கராம்பைத் தேடாது, உங்களைத்தான் தேடும். அதே காரணத்துக்காக மற்ற 5 பேணிகளையும் அதேயளவு தொட்டு வையுங்கள். கராம்புப் பேணியின் அடியில் ஒரு குறி போட்டு, பிறகு எந்நாளும் அதை மட்டும் கராம்புக்குப் பாவியுங்கள். ஒருநாள் கராம்பு இருந்த பேணி மறுநாள் வெறுமையாக நின்றாலும் நாய்க்கு அது வெறும் பேணி இல்லை. முதல் 3, 4 நாள் கராம்புப் பேணியை மணந்தவுடனே ஒரு துண்டு அவித்த கோழி. நாளுக்குப் பத்துத் தடவை. பிறகுதான் ஆறையும் வரிசையாக வைத்துத் தேடவிடுவது.

பேணியை நிலத்தில் வைக்காமல் சீமெந்துக் கல்லின்மேல் வைத்தால், கழுத்தும் முதுகும் நோகிற நாய் குனியத் தேவையில்லை. சோளகம் வீசுகிற மாதங்களில் காற்று பேணியிலிருந்து நாயை நோக்கி வரும் பக்கத்தில் நின்று தொடங்குங்கள். ஒரு சுற்று 3 நிமிடம், மூன்று சுற்று, காலை 7 மணிக்கு முன் ஒருக்கால், பின்னேரம் ஐந்தரைக்குப் பின் ஒருக்கால். நாக்கை அகலத் தொங்கப்போட்டு இளைக்கும் நாயால் சரியாக மணக்க ஏலாது. இளைக்கத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். கண்டுபிடித்தால் பந்தைக் கையால் வாயில் கொடுங்கள், அல்லது நிலத்தில் உருட்டிவிடுங்கள். மேலே எறியவே கூடாது. அந்தரத்தில் திரும்பிப் பின்னங்காலில் இறங்கும் அந்த ஒரு துள்ளல், கிழமை முழுக்கக் கொடுத்த மருந்தை வீணாக்கிவிடும். ரெனிஸ் பந்தின் மேல்நூல் அரத்தாள்போலப் பல்லைத் தேய்க்கும், அதனால் மொத்தமான றபர் பந்தே நல்லது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மிதிவெடி தேடிய நாய் ஊருக்குள் வந்தது தெரிந்தால் யாராவது கேட்பார்கள்: “எங்கட காணியையும் ஒருக்கா மணக்க விடுங்கோவன்.” விடவேண்டாம். வேலையில் இருந்த காலத்திலேயே ஒரு நாய் “இல்லை” என்றால் போதாது, இரண்டாவது நாயும் அதே கோட்டைத் தேடும். கிழட்டு மூக்கு ஒன்றும் காட்டவில்லை என்பதற்காக ஒரு பற்றைக் காணி துப்புரவாகிவிடாது. மாறாக, உலாவப்போன இடத்தில் நாய் தானாகவே ஓரிடத்தை முறைத்துக்கொண்டு குந்தினால், அதைக் கூப்பிட்டெடுத்து, வந்த அடித்தடத்திலேயே திரும்பி வந்து பொலிஸ் அவசர இலக்கமான 119க்குச் சொல்லுங்கள். கல் எறிந்து பார்ப்பது, தடியால் கிண்டுவது ஒன்றும் வேண்டாம். பத்தில் ஒன்பது தடவை வெறும் பழக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்தாலும், சோதிப்பது உங்கள் வேலையில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். 30 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே ஏறக்குறைய 900 கலோரி வேண்டும். ஓய்வுபெற்ற வயதான நாய்க்கு அதன் 1.2 முதல் 1.4 மடங்கு, சுமார் 1,100 முதல் 1,250 கலோரி. 100 கிராமில் 350 கலோரி உள்ள உலர் உணவென்றால் 310 முதல் 360 கிராம். வேலை செய்த நாட்களில் இதன் இரண்டு மடங்கும் சாப்பிட்டிருக்கும், ஆகவே கிழமைக்குப் பத்து வீதமாகக் குறைத்து வாருங்கள். கோளாறு வருவது பெரும்பாலும் உலர் உணவால் இல்லை. அதன்மேல் “பாவம்” என்று போடும் சோற்றால். ஒரு தேத்தண்ணிக் கோப்பைச் சோறு ஏறக்குறைய 200 கலோரி, நாயின் நாள் கணக்கில் ஆறில் ஒன்று. விலா எலும்பைத் தடவினால் தட்டுப்படவேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. மூட்டு நோவுள்ள நாய்க்கு எடையைக் குறைப்பதைவிடச் சிறந்த மருந்து பாமசியில் இல்லை. ஆனால் கிழமைக்கு ஒரு வீதத்துக்கு மேல், அதாவது 30 கிலோவில் 300 கிராமுக்கு மேல், இறக்கவேண்டாம்.

“வயசு போனதுக்குக் கஞ்சி போதும்” என்பது இன்னொரு பிழை. வயதான நாய்க்குத் தசை கரைகிறது, மீனும் முட்டையும் இறைச்சியும் கூடுதலாகவே வேண்டும். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பழுது என்று வந்தால் மட்டும் வைத்தியர் சொல்லும் அளவுக்குக் குறைக்கலாம். மீனை முள் நீக்கி, உப்பில்லாமல் அவித்துக் கொடுங்கள். கருவாடு வேண்டாம். குழம்புச் சட்டியின் அடியும் சொதியும் வேண்டவே வேண்டாம்: வெங்காயமும் உள்ளியும் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வலிகாமத்தில் திராட்சைப் பந்தல் உள்ள வளவென்றால் உதிர்ந்த பழத்தைக் கூட்டி அள்ளுங்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்; இதற்குக் காரணமாகக் கருதப்படும் டார்டாரிக் அமிலம் பழப்புளியிலும் நிறைய உண்டு, புளி விட்ட மீன்குழம்பைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம். மாங்கொட்டை குடலை அடைக்கும்.

தண்ணீரை அளந்து வையுங்கள். 30 கிலோ நாய் நாளுக்கு ஒன்றரை முதல் 1.8 லீற்றர் குடிக்கும், வெயில் நாளில் கொஞ்சம் கூட. நாள்தோறும் 3 லீற்றரைத் தாண்டினால் சிறுநீரகம், நீரிழிவு, கருத்தடை செய்யாத பெண்நாயென்றால் கருப்பையில் சீழ், இவற்றைச் சோதிக்கவேண்டும். தீவுப் பக்கத்தில் கிணறு உவரென்றால் நாய் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். வீட்டாருக்குக் குடிக்க எடுக்கும் தண்ணீரையே அதற்கும் வையுங்கள்.

இப்போது வீட்டு நிலம். மண்முற்றத்திலும் பற்றைக்காட்டிலும் வாழ்ந்த நாயை மாபிள் பதித்த வீட்டுக்குள் விடுகிறோம். பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து ஒருக்கால் விழுந்தால், அதற்குப் பிறகு அந்த அறைக்குள் வரவே பயப்படும். தசைநார் கிழிந்தால் இன்னும் மோசம். படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கும் வாசலுக்கும் 60 சென்ரிமீற்றர் அகலத்தில் பாதை விரியுங்கள். சும்மா சாக்கை விரித்தால் சாக்கே சறுக்கும், அது வெறும் மாபிளைவிட ஆபத்து. இரண்டு சணல் சாக்கை ஒன்றாகத் தைத்து, பழைய சைக்கிள் ரியூப்பை நெடுக்காகக் கிழித்து 15 சென்ரிமீற்றருக்கு ஒரு பட்டியாக அடியில் தைத்தால் அசையாது. பாதத்தின் அடியில், விரல் மெத்தைகளுக்கு இடையில் வளரும் மயிரை மாதம் ஒருக்கால் வெட்டுங்கள். வேலை நின்றதும் நகம் தேயாது, ஆகவே 2, 3 கிழமைக்கு ஒருமுறை நகமும் வெட்டவேண்டும். நடக்கும்போது சீமெந்தில் டக்டக்கென்று கேட்டால் நீண்டுவிட்டது என்று அர்த்தம். நிலத்தில் படாத உள்பக்கக் கட்டைவிரல் நகத்தை எல்லோரும் மறந்துபோகிறார்கள், அது வளைந்து தசைக்குள்ளேயே இறங்கும்.

சாக்குக் கட்டில் காற்றோட்டமானதுதான், ஆனால் நடுவில் குழியும் கட்டிலிலிருந்து இடுப்பு நோகிற நாயால் எழும்ப ஏலாது. 10 சென்ரிமீற்றர் தடிப்பில் இறுக்கமான ஸ்பொன்ஜ் மெத்தை எடுத்து, முழங்காலை ஊன்றிப் பாருங்கள்; நிலம் தட்டுப்பட்டால் அது காணாது. மெத்தைக்கு றெக்சின் உறை, அதற்குமேல் பழைய நூல் சேலை. றெக்சின்மேல் நேரடியாகப் படுத்தால் வெக்கையில் அவிந்து, முழங்கையில் புண் வரும். விறாந்தைப் படி 45 சென்ரிமீற்றர் உயரமென்றால் 180 சென்ரிமீற்றர் நீளச் சாய்பலகை போடுங்கள். அதே பலகை வானில் ஏற்றவும் உதவும். பனஞ்சிலாகையை அடியில் கொடுத்து, மேலே தும்புத் தடுக்கை ஆணியடித்தால் போதும். பலகை ஒருமுறை ஆடிவிட்டால் நாய் பிறகு அதில் கால் வைக்காது. எனவே முதலில் நீங்கள் ஏறி நின்று பாருங்கள்.

பின்னங்கால் பலவீனம் எல்லாம் “வாதம்” என்று ஒரே பெயரில் போகிறது. உண்மையில் மூன்று வெவ்வேறு சங்கதி, வைத்தியமும் வேறுவேறு. காலையில் கூட்டின மண்முற்றம் இதற்கு எக்ஸ்ரேக்கு முந்திய நல்ல சோதனை. ஈர்க்குத் தடம் அழியுமுன் நாயை ஒரு நேர்கோட்டில் மெல்ல நடத்திக்கொண்டு போய், திரும்பிப் பாருங்கள். பின்பாதத் தடம் முழுசாக, ஆனால் கிட்டக்கிட்ட விழுந்திருந்தால் மூட்டுத் தேய்வு. காலையில் மோசம், நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும். தடத்துக்கு முன்னால் நகம் இழுபட்ட கோடு கிடந்தால் நரம்பைச் சந்தேகிக்கவேண்டும். நாயை நிற்கவைத்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பின்பாதத்தை மடக்கி மேற்புறம் நிலத்தில் படும்படி வையுங்கள். நரம்பு சரியென்றால் உடனே திருப்பி வைக்கும், மூட்டு நோவுள்ள நாயும்கூட. மடித்தபடியே விட்டுக்கொண்டு நின்றால் முள்ளந்தண்டில் கோளாறு.

அதிலும் இரண்டு வகை. அல்சேஷனுக்கு 8 வயதுக்குப் பின் வரும் முள்ளந்தண்டு நலிவு நோவில்லாதது. மெல்லமெல்லக் கூடி, பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பின்பகுதி விழுந்துவிடும். நோமாத்திரை இதற்குப் பயனில்லை. தினமும் மூன்று நாலு முறை குறுகிய நடையும், வயிற்றின் கீழே கொடுத்துத் தூக்கும் துவாயும்தான். ஆண்நாயென்றால் துவாய் ஆண்குறியை அழுத்தாமல் தொடைப்பக்கமாக வரட்டும். மற்றது, கீழ்முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்துக்குக் கிட்ட நரம்பு நெரிபடுவது. இது நன்றாக நோகும்: வாலைத் தூக்காது, வானில் பாய மறுக்கும், அந்த இடத்தை அழுத்தினால் திரும்பிப் பார்க்கும். இதற்கு மருந்தும் உண்டு, சத்திரசிகிச்சையும் உண்டு. முதலாவது என்று நினைத்து இரண்டாவதைக் கைவிடுவதுதான் பெரிய அநியாயம். நுணுக்கமான பரிசோதனைக்குக் கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனை மிருக வைத்திய பீடத்துக்குப் போகவேண்டி வரலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை ஏ9 வீதி 321 கிலோமீற்றர். இரவில் புறப்பட்டு, வயிறு அரைவாசியாக, 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறக்கி நடத்திப் போங்கள். மெத்தையும் சாய்பலகையும் வானிலேயே வரட்டும்.

நோவுக்கு வீட்டிலிருக்கும் பனடோல், புரூஃபன், டிக்ளோபெனாக் எதையும் கொடுக்கவேண்டாம். இவை நாயின் வயிற்றில் புண் போடலாம், சிறுநீரகத்தையோ ஈரலையோ கெடுக்கலாம். நாய்க்குரிய நோமாத்திரையை வைத்தியர் இரத்தம் பார்த்துத் தொடங்கி, சில கிழமையில் மறுபடி இரத்தம் பார்ப்பார். எப்போதும் சாப்பாட்டோடு கொடுக்கவேண்டும். சத்தி, தார்போலக் கறுத்த மலம் கண்டால் அன்றே நிறுத்துங்கள். நடைமுறையில் அடிக்கடி நடக்கிற விபத்து ஒன்று உண்டு: மூட்டுக்கு ஒருவரிடம் மாத்திரை, சொறிக்கு வேறொருவரிடம் ஸ்டீரொயிட் ஊசி. இரண்டும் ஒன்றாக உள்ளே போனால் குடல் ஓட்டையாகலாம். கொடுக்கும் மருந்தையும் அந்தக் கலண்டரிலேயே எழுதி, எந்த வைத்தியரிடம் போனாலும் அதைக் கையோடு கொண்டுபோங்கள். மீனெண்ணெய்க் குளிசை உதவும்: ஒன்றில் தொடங்கி 3 கிழமையில் நாலுவரை கூட்டலாம், மலம் இளகினால் ஒன்று குறையுங்கள்.

உண்ணி இங்கே சின்ன விஷயமில்லை. உண்ணிக் காய்ச்சல் ஒருக்கால் வந்து தப்பிய நாயின் உடம்பில் கிருமி ஒளிந்திருந்து, வயது போய் எதிர்ப்புக் குறையும்போது திரும்ப வரும். கிழமைக்கு ஒருமுறை உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும், விரலால் அழுத்தி விட்டால் 2 செக்கனுக்குள் நிறம் திரும்பவேண்டும். வெளிறியிருந்தாலோ மூத்திரம் பிளேன்ரீ நிறத்தில் போனாலோ நாளைக்கு என்று வைக்கவேண்டாம். உண்ணி நாயில் இருப்பதைவிடச் சுவர் வெடிப்பிலும் கிடுகு மடிப்பிலும்தான் கூட இருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் கதை முடியாது. கழிவு ஒயில், மண்ணெண்ணெய் பூசுவது நஞ்சூட்டுவதற்குச் சமம்.

சித்திரை, வைகாசி வெக்கையில் தகரக் கொட்டிலைவிடக் கிடுகுக் கொட்டில் எவ்வளவோ மேல். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை. 41 என்றால் உயிராபத்து. கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, மின்விசிறியைப் பிடித்து, 39.5க்கு வந்ததும் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் ஓடுங்கள். வயதான லப்ரடோரின் குரைப்புக் கரகரத்து, மூச்சு இரைச்சலாகக் கேட்டால் குரல்வளை தளர்ந்திருக்கலாம். அந்த நாய்க்குக் கழுத்துப் பட்டி வேண்டாம், மார்புப் பட்டி போடுங்கள். வெயிலில் கால் மணித்தியாலம்கூட விடவேண்டாம்.

இரவில் உடனே புறப்படவேண்டிய சங்கதி ஒன்றையாவது வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்கவேண்டும். ஒன்றும் வெளிவராமல் ஓங்காளித்துக்கொண்டு, வயிறு மத்தளம்போல ஊதி, ஓரிடத்தில் நிற்க மாட்டாமல் அலைந்தால் இரைப்பை முறுக்கியிருக்கிறது. மணித்தியாலக் கணக்குத்தான். இதைத் தவிர்க்கத்தான் சாப்பாட்டை ஒரே நேரத்தில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரிப்பதும், சாப்பிட்டபின் 2 மணித்தியாலம் ஓடவிடாமல் வைப்பதும்.

காதும் கண்ணும் மங்கிய நாயைத் தூக்கத்தில் பின்பக்கமாகத் தொடவேண்டாம், பொலிஸ் நாயென்றால் கட்டாயம் வேண்டாம். காலால் நிலத்தைத் தட்டினால் அதிர்வில் விழிக்கும். இரவில் அலைந்து திரிந்து மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றால் மூளையும் முதுமையடைகிறது. சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். தளபாடத்தை இடம் மாற்றாதீர்கள்.

கடைசி முடிவை நாயின் முகத்தைப் பார்த்து எடுக்க முயன்றால் எடுக்கவே முடியாது, அது கடைசி நாளிலும் பந்தைப் பார்த்து வாலாட்டும். கலண்டரைப் பாருங்கள். தானாக எழும்புதல், சாப்பிடுதல், படுத்த இடத்தை நனைக்காமல் வெளியே போதல், இந்த மூன்றுக்கும் நாள்தோறும் சரி, பிழை போடுங்கள். ஒரு கிழமையில் பிழை கூடிவிட்டால் வைத்தியரை வீட்டுக்கு வரச்சொல்லலாம். முதலில் மயக்க ஊசி, பிறகு மற்றது.

குழியை முன்கூட்டியே வெட்டுவிக்கவேண்டும். வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், பல இடத்தில் இரண்டு அடியிலேயே அலவாங்கு தெறிக்கும். ஊசியால் போன உடலில் மருந்து தங்கியிருக்கும், அதைத் தோண்டித் தின்னும் நாயும் காகமும் சாகும். ஆகவே நாலு அடி கட்டாயம் வேண்டும். கல் வெடிப்பு வழியாக எல்லாம் கிணற்றுக்குத்தான் போகும்: உங்கள் கிணற்றுக்கு மட்டுமில்லை, பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் 30 மீற்றருக்குக் குறையாத இடமாகப் பாருங்கள். வளவு சின்னதென்றால் தோட்டக் காணி உள்ள ஒருவரிடம் முன்னரே கேட்டுவையுங்கள். மூடியபின் மேலே பாரமான கல் இரண்டு மூன்று வையுங்கள், மாரியில் மண் இறங்கும்.